றைபிளும் சொட்கன்னும்: மான் வேட்டை விதிகளின் பிரதேச வேறுபாடு

ஒரே பருவத்தில் ஒரே இன மானை வேட்டையாடும் இருவருள் ஒருவர் றைபிள் ஏந்தலாம். மற்றவர் அதை ஏந்தினால் குற்றவாளியாவார். இருவருக்கும் இடையே ஒரு வீதியின் அகலமே தூரமாக இருத்தலும் கூடும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மத்திய மேற்குப் பகுதியில் இருபதாம் நூற்றாண்டின் பெரும் பகுதியிலும் இத்தகைய நிலையே நிலவிற்று. மிச்சிகன் மாநிலத்தில், மேற்கே மஸ்கீகன் நகரை அண்டிய ஏரிக்கரையிலிருந்து கிழக்கே சகினோ விரிகுடா வரை செல்லும் எல்லைக்கோடு, வடக்கே றைபிளையும் தெற்கே சொட்கன்னையும் நீண்டகாலம் பிரித்து வைத்தது. இதனைச் சட்டமியற்றுவோரின் மனம்போன போக்கெனக் கொள்வோர் உளர். அக்கூற்று மேலோட்டமானது. அக்கோட்டின் அடியிற் கிடப்பது நிலத்தின் வரலாறு.

முதற்கண் மானின் உரிமையாளர் யார் என்ற வினா எழுகிறது. இங்கிலாந்தில் நோர்மன் மன்னர் காலந்தொட்டு மான் அரசனது வேட்டைப் பொருளாகவும், பின்னர் நிலவுடைமையாளரின் சலுகையாகவும் இருந்தது. குடியேற்றவாசிகள் அவ்வழமையை அத்திலாந்திக்குக்கு அப்பால் கொண்டுசெல்லவில்லை. 1896 இல் கீர் எதிர் கனெற்றிக்கட் வழக்கிலே அமெரிக்க உயர் நீதிமன்றம் காட்டு விலங்குகள் மாநில மக்களின் பொதுவுடைமை என்ற கருத்தை ஏற்றது. 1979 இல் அவ்வுடைமைக் கோட்பாடு கைவிடப்பட்டதாயினும், வேட்டையை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலங்களிடமே எஞ்சியது. ஆகவே விதிகள் ஒரே அச்சில் வார்க்கப்படவில்லை.

ஆயினும் ஒரு மாநிலத்தின் உள்ளேயே ஏன் வேறுபாடு? இதற்கு விடை காண 1785 ஆம் ஆண்டின் காணிக் கட்டளைச் சட்டத்தை நோக்குதல் வேண்டும். ஒகையோ ஆற்றுக்கு வடமேற்கேயுள்ள நிலம் ஆறு மைற் சதுரங்களாகவும், அவை ஒவ்வொன்றும் 640 ஏக்கர் கொண்ட 36 துண்டுகளாகவும் அளந்து விற்கப்பட்டன. துண்டுகளின் எல்லைகளே பெரும்பாலும் வீதிகளாயின. ஐரோப்பியக் கிராமங்களிற் போன்று வீடுகள் ஓரிடத்திற் கூடி நில்லாது, வயலுக்கு ஒன்றாகச் சிதறி நின்றன. சோளம் அறுவடையான பின் அச்சமவெளியில் குண்டைத் தடுக்க மரமோ மேடோ இல்லை. எத்திசையிற் சுட்டாலும் அத்திசையில் ஒரு வீடு இருந்தது. வடக்கே நிலைமை வேறு. மண் வளங்குன்றிய வட மிச்சிகன், வட விஸ்கொன்சின், வட மினசோட்டாப் பகுதிகளில் காடே மிஞ்சிற்று. 1894 இல் வின்செஸ்ரர் நிறுவனம் வெளியிட்ட நெம்புகோல் றைபிள் அக்காட்டு வேட்டைக்காரரின் குடும்பச் சொத்தாகவே மாறிற்று எனலாம்.

மற்றொரு காரணம் காலம்பற்றியது. பலரும் இதனைக் கவனிப்பதில்லை. தெற்கு விவசாய மாநிலங்களிலே சந்தைக்கான வேட்டையாலும் காடழிப்பாலும் மான் முற்றாக மறைந்தது. இந்தியானாவில் 1893 அளவிலும் ஒகையோவில் 1904 அளவிலும் மான் இல்லாதொழிந்தது. மீண்டும் கொணர்ந்து விடப்பட்டும் அயலிலிருந்து பரவியும் பெருகிய பின்னரே, ஒகையோவில் 1943 இலும், இந்தியானாவில் 1951 இலும், அயோவாவில் 1953 இலும், இலினோயில் 1957 இலும் வேட்டை மறுபடி அனுமதிக்கப்பட்டது. அதற்குள் புகையற்ற வெடிமருந்து றைபிளின் எட்டுதூரத்தைப் பன்மடங்காக்கியிருந்தது. வடக்கில் விதி வருமுன்னரே றைபிள் இருந்தது. தெற்கில் றைபிள் மரபு வேரூன்றுமுன்னர் விதி வந்தது. இருக்கும் துப்பாக்கியைப் பறிப்பதிலும் இல்லாத துப்பாக்கியைத் தடுத்தல் எளிதன்றோ! எனவே ஒற்றைக் குண்டு இட்ட சொட்கன்னே தெற்கின் ஆயுதமாயிற்று.

இங்கிலாந்தின் உதாரணம் இவ்விடத்து நோக்கற்பாலது. அங்கே அதே இரு துப்பாக்கிகள்பற்றி நேர்மாறான தீர்ப்பு வழங்கப்பட்டது. சொட்கன்னின் சிறு சன்னங்கள் மானைக் கொல்லாது காயப்படுத்தி அலையவிடுகின்றன என்ற முறைப்பாடு அங்கு வலுத்தது. 1963 ஆம் ஆண்டின் மான் சட்டத்துடன் தொடங்கிய கட்டுப்பாடு, 1991 இன் சட்டத்தில், பயிரைக் காக்கும் நிலப் பயனாளர் போன்றோருக்குச் சில விலக்குகள் அளித்து, சொட்கன்னைத் தடைசெய்தது. றைபிளின் குழல் விட்டமும் 0.240 அங்குலத்திற் குறையலாகாது என விதிக்கப்பட்டது. ஸ்கொத்லாந்தோ விட்டத்தை விடுத்துக் குண்டின் எடையையும் வேகத்தையும் அளவுகோலாகக் கொண்டது. அமெரிக்கச் சமவெளியிற் சட்டம் அயல்வீட்டு மனிதனை நினைந்து எழுந்தது. இங்கிலாந்தில் மானின் வேதனையை நினைந்து எழுந்தது.

சொட்கன் அயலவரைக் காக்கும் என்ற நம்பிக்கையும் கேள்விக்குள்ளாயிற்று. பென்சில்வேனியச் சட்டமன்றத்தின் பொருட்டு 2007 இல் வெளியான ஆய்வொன்று, மேல்நோக்கிச் சுட்டால் றைபிள் குண்டு இரண்டரை மைலுக்கு மேற் செல்லும் என்பதையும், சொட்கன் குண்டு அத்துணை செல்லாது என்பதையும் உறுதிசெய்தது. ஆனால் கிடையாகச் சுடும்போது, பருத்த சொட்கன் குண்டு நிலத்திற் பட்டுச் சிதையாது தெறித்து, றைபிள் குண்டிலும் அதிக தூரம் பாயலாம் என அது கண்டது. வேட்டைக்காரர் வானத்தை நோக்கிச் சுடுவது அரிது. ஆதலின் இம்முடிவு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

இதன் பின்னர் விதிகள் இளகின. எனினும் அவை இளகிய விதம் விசித்திரமானது. விஸ்கொன்சின் 2013 இல் மாநிலமெங்கும் றைபிளை அனுமதித்தது. ஒகையோ 2014 இல் கழுத்து ஒடுங்காத நேரான கோதுடைய தோட்டாக்களை மட்டும் ஏற்றது. இவ்வாறு 1873 இல் அமெரிக்கப் படையினருக்கென ஆக்கப்பட்ட பழந்தோட்டா புதிய சட்டத்தின் சலுகையைப் பெற்றது. மிச்சிகனும் அயோவாவும் இத்தகைய ஏற்பாட்டையே தழுவின. 2019 இல் வின்செஸ்ரர் நிறுவனம் இவ்விதிகளுக்குப் பொருந்துமாறே புதுத் தோட்டா ஒன்றை வடிவமைத்து விற்பனைக்கு விட்டது. துப்பாக்கிக்காகப் பிறந்த சட்டம் துப்பாக்கியைப் பிறப்பித்த கதை இது. இலினோய் 2023 இல் ஒற்றைத் தோட்டா றைபிளுக்கு இடமளித்தது. மினசோட்டாச் சட்டமன்றம் 2025 இல் சொட்கன் வலயத்தை நீக்கத் தீர்மானித்தபோதும், விரும்பும் கவுண்டிகள் தத்தம் எல்லையுள் அதனை வைத்துக்கொள்ள வழிவிட்டது.