யாழ்ப்பாணமும் தமிழ் எழுத்துப் பொறிகளும்

தமிழ் எழுத்தைப் பொறியில் ஏற்றிய வரலாற்றில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தனி இடமுண்டு. அமெரிக்க மிஷனின் மருத்துவர் ஜோன் ஸ்கடர் 1820இல் பண்டத்தரிப்பில் பணி தொடங்கினார். அதே ஆண்டு மிஷனுக்காக வந்த அச்சாளர் ஜேம்ஸ் கரட்டை இலங்கை ஆளுநர் பார்ன்ஸ் தங்க விடவில்லை. மானிப்பாயில் அச்சகம் இயங்க 1834 ஆயிற்று. அந்த அச்சகமே 1841இல் 'உதயதாரகை' இதழையும் 1842இல் மானிப்பாய் அகராதியையும் தந்தது. 1836இல் ஸ்கடரும் அதே மிஷனின் மிரன் வின்ஸ்லோவும் சென்னைக்குப் போய் அங்கும் அச்சுப் பணியைத் தொடங்கினர். 67,000 சொற்களுக்கு மேற்பட்ட வின்ஸ்லோ அகராதி 1862இல் வெளிவந்தது. மிஷனுக்கு எதிர்நின்ற ஆறுமுக நாவலரும் 1849இல் சென்னையில் அச்சியந்திரம் வாங்கி வண்ணார்பண்ணையில் நிறுவினார்.

அச்சுக்கோப்பவரின் பெட்டியில் எத்தனை எழுத்துருவும் இருக்கலாம். தட்டச்சுப் பொறியில் அது நடவாது. தமிழெழுத்து 247, விசைகளோ ஐம்பதுக்குள். இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் 1886இல் சுண்டிக்குளியில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி விசை தேடாமல், எழுத்துகளைத் துண்டுகளாகப் பிரித்தார். புள்ளிக்கு நகராத விசை வைத்தார். அதை அடித்தால் தாளுருளை அசையாது. அடுத்து அடிக்கும் மெய் அந்தப் புள்ளியின் கீழேயே வந்து பொருந்தும். 1930களில் ஜெர்மனியில் செய்விக்கப்பட்டு விற்பனைக்கு வந்த அந்தப் பொறிதான் தமிழரின் அலுவலகங்களைத் தமிழில் எழுதவைத்தது.

கணினி அதே கேள்வியை மீண்டும் கேட்டது. 1990களில் ஆளுக்கொரு எழுத்துருவும் குறியேற்றமும் இருந்தன; ஒருவர் அனுப்பிய கடிதம் மற்றவர் திரையில் புரியாத குறிகளாகத் தெரிந்தது. 1991இல் வந்த ஒருங்குறி, மெய்யையும் உயிர்க்குறியையும் தனித்தனியே சேமித்து, திரையில் சேர்த்துக் காட்டும் வழியைப் பொதுவாக்கியது. அது பரவப் பத்தாண்டுக்கு மேலாயிற்று. விசைப்பலகையில் மட்டும் ஒற்றுமை வரவில்லை. தமிழ்நாடு 1999இல் தமிழ்99ஐ ஏற்றது. இலங்கையின் 2008ஆம் ஆண்டுத் தரம் (எஸ்எல்எஸ் 1326) ரெங்கநாதன் விசைப்பலகையைத் தழுவியது.

கருவி கைக்கு வந்தபின் உள்ளடக்கம் வேண்டியிருந்தது. வண்ணார்பண்ணையில் பிறந்த மயூரநாதன் 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவைக் கட்டியெழுப்பத் தொடங்கினார். 1981இல் எரிக்கப்பட்ட யாழ் நூலகத்தின் இழப்பு மனத்தில் ஆறாதிருந்த தலைமுறை, 2005இல் 'நூலகம்' எண்ணிம நூலகத்தைத் தொடங்கியது. வின்ஸ்லோ அகராதி இன்று சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் சொல் தேடிப் பார்க்கும் வடிவில் இருக்கிறது.

மானிப்பாய், வண்ணார்பண்ணை அச்சுகளின் பழைய தாள்களை வீட்டுப் பெட்டிகளில் வைத்திருப்போர், கறையான் முந்துமுன் அவற்றை எண்ணிமமாக்கக் கொடுக்க வேண்டும்.