ரம்பம் உண்ணும் மரம்

படையெடுப்புகளையும் உடன்படிக்கைகளையும் வரலாறு என்று பல்லாண்டுகள் கற்பித்தவன் நான். ரம்பத்தைப் பற்றி வானொலியில் பேச நேரும் என்று அந்நாளில் எண்ணியதில்லை. என்னிடம் பயின்ற ஒருவர் இன்று சிறியதொரு மர அறுப்பாலை நடத்தி வருகிறார். சென்ற மாதம் என் இல்லத்துக்கு வந்தவர், "ஐயா, ஆலையில் வேலை தேங்கி நிற்கிறது. மறு அறுப்புக்கென்று தனியே ஒரு பட்டை ரம்பம் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். தாங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?" என்று வினவினார். இயந்திரம் வாங்குவதில் எனக்கு என்ன தேர்ச்சி? ஆயினும், கேட்ட மாணவனை வெறுங்கையோடு அனுப்பும் பழக்கம் எனக்கு இல்லை. அந்த ரம்பம் எங்கிருந்து வந்தது என்று தேடலானேன்.

என் சிறு பிராயத்தில், குழி வெட்டி அதன்மேல் மரத்தைக் கிடத்தி, ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாக நின்று பெருவாளால் அறுப்பதைக் கண்டிருக்கிறேன். கீழே நிற்பவர் தலையில் துண்டைச் சுற்றியிருப்பார். மரத்தூள் முழுவதும் அவர் முகத்தில்தான் விழும். உலகின் பல நாடுகளிலும் பலகை இவ்வாறே பிறந்தது. 1593ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டுக் கார்னேலிஸ் கார்னேலிஸ்ஸோன் என்பவர் காற்றாலையின் சுழற்சியை மேலும் கீழுமான அசைவாக மாற்றி ரம்பத்தை இயக்கும் பொறிக்கு உரிமை பெற்றார். கப்பல் கட்டும் தொழிலில் ஒல்லாந்தர் சிறந்து விளங்கியதற்கு இந்த அறுப்பாலைகளும் ஒரு காரணம்.

இங்கிலாந்திலோ வரவேற்பு வேறு விதமாக இருந்தது. இலண்டனை அடுத்த லைம்ஹவுஸில் சார்லஸ் டிங்லி என்ற செல்வர் காற்றால் இயங்கும் அறுப்பாலை ஒன்றை அமைத்தார். 1768ஆம் ஆண்டு மே மாதம் மரம் அறுக்கும் தொழிலாளர் சுமார் 500 பேர் திரண்டு சென்று அதை உடைத்தெறிந்தனர். மறு ஆண்டே, ஆலைகளை அழிப்போர்க்குக் கடுந்தண்டனை விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றியது. அறியாமையால் அறிவியலை எதிர்த்தவர்கள் என்று அத்தொழிலாளரை நானும் வகுப்பில் கூறியிருக்கிறேன். இன்று அவ்வாறு கூறமாட்டேன். தங்கள் குழந்தைகளின் சோறு அந்தக் குழியிலிருந்து வருகிறது என்பதை அவர்கள் நன்றாகவே அறிந்திருந்தனர். சட்டம் ஆலையைக் காத்தது; அவர்களுக்கு மாற்று வேலை எதையும் அது தரவில்லை.

மேலும் கீழும் அசையும் ரம்பத்துக்கு ஒரு குறை உண்டு. ஒவ்வோர் அடியிலும் அது நின்று திரும்ப வேண்டும். திரும்பும் நேரமும் வலுவும் வீண். நில்லாமல் சுழலும் வட்ட ரம்பத்தைக் குறிப்பிடும் உரிமை ஒன்றை 1777இல் சௌதாம்ப்டன் நகரத்துச் சாமுவேல் மில்லர் பெற்றார். வேகம் கிடைத்தது, கூடவே விரயமும் வந்தது. வட்டத் தகடு தன் விட்டத்தில் பாதி ஆழத்துக்குக் கூட அறுக்க இயலாது. ஆகவே பெருமரத்துக்குப் பெரிய தகடு வேண்டும். பெரிய தகடு வளையாமல் நிற்க வேண்டுமாயின் அது கனமாகவும் இருத்தல் வேண்டும். ரம்பம் செல்லும் வழியில் நின்ற மரமெல்லாம் தூள்தானே?

சிறிது கணக்குப் போடுவோம். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். 12 அங்குலக் கனமுள்ள கட்டை ஒன்றை ஓர் அங்குலப் பலகைகளாக அறுக்கிறோம். ரம்பம் கால் அங்குல வழியை உண்டால் 9 பலகை கிடைக்கும். அரைக்கால் அங்குலம் உண்டால் 10 பலகை. வீசம் அங்குலம், அதாவது பதினாறில் ஒரு பங்கு மட்டுமே உண்டால் 11 பலகை. மரம் ஒன்றே, உழைப்பும் ஏறக்குறைய ஒன்றே. தகட்டின் கனம் மட்டுமே வேறு.

வேகமும் வேண்டும், மெல்லிய தகடும் வேண்டும். இதற்கு விடைதான் பட்டை ரம்பம். இரண்டு சக்கரங்களின்மேல் வார்ப்பட்டை போல ஓடும் முடிவில்லாத எஃகு நாடா அது. சக்கரங்கள் இருபுறமும் இழுத்து விறைப்பாகப் பிடிப்பதால், தகடு மெலிந்திருந்தும் நேராக நிற்கிறது. 1808ஆம் ஆண்டிலேயே இலண்டன் நகரத்து வில்லியம் நியூபெரி இதற்கு உரிமை பெற்றுவிட்டார். ஆனால் அது நெடுங்காலம் பயனின்றிக் கிடந்தது. நாடாவின் இரு முனைகளையும் இணைத்த இடம் நிலைக்கவில்லை. சக்கரத்தைச் சுற்றும்போதெல்லாம் தகடு வளைந்து நிமிர்கிறது. ஒரு நிமிடத்தில் நூற்றுக்கணக்கான முறை வளையும் இணைப்பு, சிறிது குறையிருந்தாலும் அறுந்துபோகும்.

அந்த முடிச்சை அவிழ்த்தவர் ஒரு பெண்மணி. ஆன் போலின் கிரெப்பின் என்ற பிரெஞ்சு மாது 1846இல் தகட்டின் முனைகளைப் பற்றவைக்கும் முறை ஒன்றுக்கு உரிமை பெற்றார். பாரிஸ் நகரத்துப் பெரின் நிறுவனத்தார் அவ்வுரிமையை வாங்கி, புதிய எஃகையும் பதப்படுத்தும் நுட்பத்தையும் அதனோடு சேர்த்து, இன்றைய பட்டை ரம்பத்தின் முன்னோடியை உருவாக்கினர். நீராவி எஞ்சினைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஜேம்ஸ் வாட்டின் பெயரைக் கரும்பலகையில் எழுதியவன் நான். இந்த அம்மையாரின் பெயரை ஒரு நாளும் எழுதியதில்லை. எனக்கே அது தெரியாது.

மரத்தூளைப் பெரிதாகப் பேசுகிறேனே என்று நினைக்கலாம். அமெரிக்காவின் விஸ்கான்சினில் பெஷ்டிகோ என்றோர் ஊர். காட்டு மரத்தை நம்பி எழுந்தது. வீடுகள் மரம், நடைபாதைகள் பலகை, தெருக்களில் பரப்பியிருந்தது மரத்தூள். 1871ஆம் ஆண்டு, நெடுநாள் மழை பொய்த்திருந்த அக்டோபர் 8ஆம் நாள் இரவு, சுற்றுப்புறத்தில் புகைந்துகொண்டிருந்த சிறு தீக்கள் பெருங்காற்றில் ஒன்றுகூடி ஊரையும் அக்கம்பக்கத்தையும் விழுங்கின. 1,200 பேருக்குக் குறையாமல் மாண்டனர். அதே இரவில் சிகாகோ பெருநகரும் எரிந்ததால், உலகம் பெஷ்டிகோவை மறந்தது.

1880களில் அந்நாட்டின் பேராலைகள் பட்டை ரம்பத்துக்கு மாறத் தொடங்கின. ஒவ்வொரு மரத்திலும் பலகை கூடியது. அதனால் காடு பிழைத்ததா? இல்லை. மலிவும் விரைவும் கூடவே, பெரும் ஏரிகளைச் சூழ்ந்திருந்த வெள்ளைப் பைன் காடுகள் மேலும் விரைவாகத் தீர்ந்தன. 20ஆம் நூற்றாண்டு பிறந்தபோது மிச்சிகனில் எஞ்சியவை பெரும்பாலும் அடிக்கட்டைகளே. ரம்பம் சிக்கனமானது, அதைப் பிடித்தவர் சிக்கனமாக இருக்கவில்லை.

இனி என் மாணவரின் கேள்விக்கு வருகிறேன். ஆலையின் முதல் ரம்பத்தில் மரம் வண்டிமேல் ஏறி வருகிறது. ஓர் அறுப்பு முடிந்தால் வண்டி வெறுமனே பின்னே செல்ல வேண்டும். 12 பலகைக்குப் பன்னிரண்டு முறை இந்த நடை. முதல் ரம்பம் இரட்டைக் கனத்தில் ஆறு துண்டுகளாக மட்டும் அறுத்துத் தள்ளி, அவற்றை இரண்டாகப் பிளக்கும் பணியைப் பின்னால் நிற்கும் மெல்லிய ரம்பம் ஏற்றால், வண்டியின் நடை பாதியாகிறது. மறு அறுப்பு ரம்பத்தின் பயன் இதுவே. ஆனால் தேக்கம் முதல் ரம்பத்தில் இருந்தால்தான் இப்பயன் கிட்டும். அறுத்த பலகையை எடுத்து அடுக்க ஆளில்லாமல் வேலை நிற்குமாயின், புதிய ரம்பம் குவியலை உயர்த்தும், அவ்வளவே.

தகட்டின் கனம் சக்கர விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மிகலாகாது என்பது தொழிலில் வழங்கும் விதி. 36 அங்குலச் சக்கரமாயின் தகடு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 36 பங்கு. அதற்கு மேற்பட்டால் ஓயாத வளைவில் பல்லின் அடியில் வெடிப்புக் காணும். தகடு அகன்றதாயின் அதைத் தட்டிச் சமன்செய்து விறைப்பேற்றும் கைத்திறன் தேவை. குறுகிய தகடோ மலிவு; மழுங்கினால் கழற்றி வேறொன்று மாட்டலாம். ஆனால் விரைந்து தள்ளினால் அது நெளிந்து, பலகையை அலையாக்கிவிடும்.

இவற்றையெல்லாம் அவரிடம் கூறிவிட்டு, "உன் ஊரில் அறுந்த தகட்டைப் பற்றவைத்துப் பல் தீட்டத் தெரிந்தவர் யாரேனும் உண்டா?" என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பழைய ஆலை ஒன்றில் ஒரு பெரியவர் இருந்தார் ஐயா, இப்போது வீட்டோடு இருக்கிறார்" என்றார். இயந்திர வியாபாரியைப் பார்க்குமுன் அவரைப் பார்த்து வருமாறு சொல்லி அனுப்பினேன். பேரனை உடன் அனுப்பிக் கற்பிக்க அப்பெரியவர் இசைந்துள்ளார் என்று நேற்றுக் கடிதம் வந்தது. ரம்பம் இன்னும் வாங்கவில்லை.