சூடேறித் திக்கும் கேமிங் மடிக்கணினி: திருத்தக் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேமிங் மடிக்கணினி விளையாடுவதற்கு மட்டுமானதல்ல. வரைபட மென்பொருள் ஓட்ட வேண்டிய பேராதனைப் பொறியியல் மாணவரும், வீட்டிலிருந்து காணொளி தொகுத்துப் பிழைப்பவரும் நாடுவது இதே வகைக் கணினியைத்தான். வெளிநாட்டு உறவினர் அனுப்பியதாகவோ, கடன்பட்டு வாங்கியதாகவோ அது இருக்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டியது. அதன்பின் புதிதாக ஒன்று வாங்குவது பல குடும்பங்களுக்கு எட்டாத விடயமாகிவிட்டது. ஆகவே இருப்பதைக் காப்பாற்றுவதே வழி.

ஏன் திக்குகிறது?

கணினியின் புரொசஸரும் கிராபிக்ஸ் சிப்பும் குறிப்பிட்ட வெப்பநிலையை எட்டியதும், எரிந்து போகாமலிருக்கத் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். பெரும்பாலான இன்டெல் மடிக்கணினி புரொசஸர்களுக்கு இந்த எல்லை 100 பாகை செல்சியஸ் அளவில் இருக்கிறது. ஏஎம்டி வகைகளுக்கு 95 முதல் 105 வரை. என்விடியா கிராபிக்ஸ் சிப்புகள் 87 பாகையை அண்டும்போதே மெதுவாகும். வேகம் குறைய, சூடு தணிய, மீண்டும் வேகம் கூட, மறுபடி சூடேற என்று இது மாறிமாறி நடப்பதைத்தான் நாம் திரையில் திக்குதலாகக் காண்கிறோம். கணினி பழுதாகிவிட்டது என்று இதற்குப் பொருளில்லை.

கண்டியில் தெரியாதது வன்னியில் தெரியும்

கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 25 பாகை அளவு. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் மே, ஜூன் பகல்களில் 33, 34 பாகை சாதாரணம். அறை எத்தனை பாகை கூடுகிறதோ, சிப்பின் சூடும் ஏறத்தாழ அத்தனை பாகை கூடும். விடுதியில் 88 பாகையில் சமாளித்த கணினி, விடுமுறையில் ஊருக்குப் போனதும் எல்லையைத் தொட்டுத் திக்கத் தொடங்குவது இதனால்தான். தூசி முன்பே அடைத்திருக்கும். கண்டியின் குளிர் அதை மறைத்து வைத்திருக்கும். மழைக்கால ஈரப்பதனில் அந்தத் தூசி தகடுகளுக்கிடையே பஞ்சுபோல ஒட்டிக்கொள்ளும்.

முதலில் அளந்து பாருங்கள்

எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கி, விளையாட்டையோ மென்பொருளையோ 20 நிமிடம் ஓடவிடுங்கள். வெப்பநிலையையும் வேகத்தையும் ஒன்றாகக் கவனியுங்கள். முழுச் சுமையில் 80 முதல் 90 பாகை வரை போவது கேமிங் கணினிக்கு இயல்பே. 95க்கு மேல் நின்று, அதே நேரத்தில் வேகமும் விழுந்தால் சூடுதான் காரணம். வெப்பநிலை 75 பாகையில் இருக்கும்போதே திக்கினால் காரணம் வேறு.

செலவில்லாத வழிகள்

மெத்தையிலோ மடியிலோ வைத்து ஓட்டாதீர்கள். பெரும்பாலான கணினிகள் அடிப்பக்கத்தால் காற்றை இழுப்பவை. மேசையில் வைத்து, பின்பக்கத்தை 2 அல்லது 3 சென்ரிமீற்றர் உயர்த்துங்கள். இரண்டு போத்தல் மூடிகளே போதும். விளையாட்டின் பிரேம் எண்ணிக்கையை 60க்கு மட்டுப்படுத்துங்கள். வின்டோஸ் பவர் ஒப்ஷன்ஸில் மெக்ஸிமம் புரொசஸர் ஸ்டேட் என்பதை 100இலிருந்து 99ஆக மாற்றினால், பல கணினிகளில் டர்போ வேகம் நின்று சூடு கணிசமாகக் குறையும். சில புதிய கணினிகளில் இந்த வரி மறைக்கப்பட்டிருக்கும். அவற்றில் ஆர்மரி கிரேட், லெனோவோ வான்டேஜ், நைட்ரோசென்ஸ் போன்ற நிறுவன மென்பொருளில் விசிறி வேகத்தையும் செயற்பாட்டு நிலையையும் மாற்றலாம்.

சுத்தம் செய்தல்

கணினியை முழுமையாக நிறுத்தி, சார்ஜரைக் கழற்றுங்கள். அடிமூடியைத் திறந்தால் முதல் வேலை பற்றரி இணைப்பைக் கழற்றுவது. விசிறி இதழை விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு காற்றடியுங்கள். சுழலவிட்டு அடித்தால் விசிறி கெடலாம். வீட்டுத் தூசி உறிஞ்சியைப் பயன்படுத்த வேண்டாம், அதில் உருவாகும் நிலைமின்சாரம் பாகங்களைப் பாதிக்கலாம்.

தூசி நீங்கியும் சூடு குறையாவிட்டால், சிப்புக்கும் செப்புக் குழாய்க்கும் இடையிலுள்ள தேர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. பழக்கமில்லாதவர் இதைத் திருத்துநரிடம் விடுவதே மேல். சில அசுஸ் ரொக் கணினிகளில் பேஸ்ட்டுக்குப் பதிலாகத் திரவ உலோகம் இருக்கும். அது மின்சாரத்தைக் கடத்துவது. சிந்தினால் மதர்போர்ட் போய்விடும். உங்கள் மாடல் எது என்பதைக் கடையில் முன்கூட்டியே சொல்லுங்கள்.

சூடு காரணமில்லை என்றால்

சார்ஜரின் வாற் அளவைப் பாருங்கள். கேமிங் கணினிக்கு 150 முதல் 330 வாற் வரை தேவைப்படும். தொலைந்த சார்ஜருக்குப் பதிலாக 65 அல்லது 90 வாற் சார்ஜர் வாங்கினால், கணினி இயங்கும், ஆனால் திக்கும். செருகியிருக்கும்போதே பற்றரியும் இறங்கும். பற்றரியில் மட்டும் ஓடும்போது வேகம் குறைவது கோளாறல்ல. 8 ஜிபி ரம் மட்டும் இருப்பது, பழைய வன்தட்டில் விளையாட்டைப் பதிந்திருப்பது ஆகியனவும் காரணமாகலாம்.

கண்டியைச் சூழ்ந்த மலைப்பகுதிகளில் மார்ச், ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமின்னல் வழமை. அந்நேரத்தில் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். மின்வெட்டுக்குப் பின் மின்சாரம் வந்ததும் உடனே செருகாமல் சில நிமிடம் பொறுங்கள்.

கடையில் கொடுக்கும் முன்

தரவுகளைப் பிரதியெடுங்கள். நம் வீடுகளில் இது வெறும் கோப்பு விடயமல்ல. இறந்தவர்களின், காணாமலாக்கப்பட்டவர்களின் படங்களும் காணி உறுதிகளும் அலுவலகங்களுக்கு எழுதிய கடிதங்களும் ஸ்கேன் செய்யப்பட்டு இந்த ஒரே கணினியில் இருக்கக்கூடும். ஒரு பிரதியை வெளி வன்தட்டிலும், இன்னொன்றை வேறு வீட்டிலும் வையுங்கள். தனிப்பட்டவற்றைக் கணினியிலிருந்து நீக்கிய பின் கொடுங்கள்.

அளந்த வெப்பநிலையை எழுதிக்கொண்டு போங்கள். மதர்போர்ட் மாற்ற வேண்டும் என்று முதலிலேயே சொன்னால், சுத்தம் செய்து பேஸ்ட் மாற்றிய பின் மீண்டும் அளந்து காட்டும்படி கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு விடயத்தில் மட்டும் தாமதம் கூடாது. டச்பேட் மேலெழுந்தாலோ, அடிமூடி பிதுங்கினாலோ பற்றரி வீங்கியிருக்கிறது. உடனே நிறுத்துங்கள், சார்ஜ் செய்யாதீர்கள், குத்தவோ அழுத்தவோ வேண்டாம். அது தீப்பிடிக்கக்கூடியது. திக்கும் கணினியைப் பொறுமையாகத் திருத்தலாம். வீங்கிய பற்றரியை வீட்டில் ஒரு நாள்கூட வைத்திருக்கக் கூடாது.