குளிர்நாட்டுக்குப் போன பனை



லண்டன் பக்கம் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர், "சார், இங்கே வீட்டு வாசல்களில் பனை மாதிரி ஒரு மரம் நிற்கிறதே, பனியில் எப்படிப் பிழைக்கிறது?" என்று கேட்டிருந்தார்கள். நம்மூர்ப் பனங்கொட்டையை ஊன்றினால் அங்கே வருமா என்று ஒருவர் கேட்டார். வராது. முதல் கேள்விக்குத்தான் கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும். பதிவு நீளமானது, ஓய்வாகப் படியுங்கள்.

அந்த மரத்துக்கு ஆங்கிலத்தில் சூசன் பாம் என்று பெயர். தாவரவியலில் ட்ராக்கிகார்பஸ் ஃபார்ச்சூனி. சீனாவின் மலைப்பகுதிகளைச் சேர்ந்தது. நம் பனையைப் போலவே விசிறி ஓலை. நம் பனையைப் போலவே பெரும்பாலும் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. ஆனால் தண்டு முழுக்கப் பழுப்பு நிறத்தில் கம்பளி சுற்றியதுபோல நார் இருக்கும். அது வேறொன்றும் இல்லை, மட்டையின் அடியில் வரும் பன்னாடைதான். நன்னூலில் கடைமாணாக்கருக்கு உவமையாக வரும் நெய்யரி இந்தப் பன்னாடையே என்று உரை சொல்வார்கள். நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அந்தக் கெட்ட பெயர். இந்த மரத்துக்கோ அதுதான் குளிருக்குப் போர்வை.

சீன விவசாயிகள் அழகுக்காக இதை வளர்க்கவில்லை. அந்த நாரை உரித்துக் கயிறு திரித்தார்கள், துடைப்பம் கட்டினார்கள், மழையில் வயல் வேலை செய்யப் போர்த்திக்கொள்ளும் மேலாடை தைத்தார்கள். சீன மொழியில் இந்த மரத்தைக் குறிக்கும் எழுத்தே பழுப்பு நிறத்தையும் குறிக்கிறது. அவ்வளவு பழகிய மரம்.

ஐரோப்பாவுக்கு இதை முதலில் அனுப்பியவர் சீபோல்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர். ஜப்பானில் டச்சு வணிகர்களின் தீவில் இருந்தவர். 1830 வாக்கில் விதைகள் நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போய்ச் சேர்ந்தன. ஆனால் மரத்துக்குப் பெயர் கொடுத்தவர் வேறு ஒருவர், ராபர்ட் ஃபார்ச்சூன். ஸ்காட்லாந்துத் தோட்டக்காரர். முதல் அபினிப் போர் 1842-ல் முடிந்து சீனத் துறைமுகங்கள் பலவந்தமாகத் திறக்கப்பட்டன. மறு வருடமே லண்டன் தோட்டக்கலைச் சங்கம் செடி சேகரிக்க இவரை அங்கே அனுப்பியது. அப்போது ஆங்கிலப் படையின் பிடியில் இருந்த சூசன் தீவில் இந்த மரத்தைப் பார்த்தார். தீவின் பெயர் மரத்துக்கு ஒட்டிக்கொண்டது அப்படித்தான். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தலையை மழித்து, சடை வைத்து, சீன உடையில் உள்நாட்டுக்குள் போய்த் தேயிலைச் செடிகளைக் கிளப்பி இமயமலை அடிவாரத் தோட்டங்களுக்கு அனுப்பியவரும் இவரே. பலர் இதைச் சாகசம் என்று எழுதுகிறார்கள். நான் அதைக் களவு என்றுதான் சொல்வேன்.

1849-ல் அவர் அனுப்பிய பனங்கன்றுகள் லண்டன் கியூ தோட்டத்துக்கு வந்தன. ஒன்று ஆல்பர்ட் இளவரசரின் ஆஸ்பர்ன் மாளிகைக்குப் போனது. அந்தக் காலத்தில் பனை வகை என்றாலே பணக்காரர் சமாச்சாரம். கியூவில் இரும்பும் கண்ணாடியுமாக எழுப்பிய பாம் ஹவுஸ் 1848-ல்தான் முடிந்திருந்தது. உள்ளே வெப்பம் குறையாதிருக்க நிலக்கரி எரித்துக்கொண்டே இருக்க வேண்டும். சாதாரண வீட்டுக்காரர் அதற்கு எங்கே போவார்? கண்ணாடி வீடும் நிலக்கரியும் இல்லாமல் வெட்டவெளியில் குளிர்காலத்தைக் கடந்த பனை என்பதால்தான் இது பிரபுக்களின் மாளிகையிலிருந்து சாமானியரின் வாசலுக்கு இறங்கி வந்தது.

எப்படித் தாங்குகிறது என்பதற்கு வருகிறேன். தொல்காப்பியர் உள்ளே வைரம் பாய்ந்ததை மரம் என்றும், வெளியே வைரம் உள்ளதைப் புல் என்றும் பிரித்தார். அந்தக் கணக்கில் பனை புல் இனம். இன்றைய தாவரவியலும் பனையையும் புல்லையும் ஒருவித்திலைத் தாவரம் என்று ஒரே பெரும்பிரிவில்தான் வைக்கிறது. வேம்பை வெட்டினால் பக்கத்தில் துளிர்க்கும். தென்னைக்கும் பனைக்கும் ஒரே குருத்து, அது போனால் மரமே போயிற்று. குளிர்நாட்டிலும் விஷயம் இதுதான். ஓலை கருகினால் கவலை இல்லை, குருத்து உறையக் கூடாது. நன்றாக வேர்பிடித்த சூசன் பனை சுழியத்துக்குக் கீழே 10 பாகைக்கு மேலும் தாங்கும். ஆனால் இளங்கன்றையும் தொட்டியில் இருப்பதையும் அப்படி நம்பக் கூடாது. தொட்டியில் வேர் உறைந்துவிடும். குருத்தில் ஈரம் தேங்கி அது உறைவதுதான் மிகவும் ஆபத்து. ஆகவே கடும் குளிரில் ஓலைகளை மேலே சேர்த்துக் கட்டி, காற்றோடும் துணியால் சுற்றுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், உள்ளே வியர்த்து அழுகிவிடும்.

இன்னொரு விஷயம். இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரையில் பனை என்று காட்டப்படுவதில் பல, பனையே இல்லை. நியூசிலாந்திலிருந்து வந்த கார்டிலைன். இலை வாள்போல் நீண்டு கொத்தாக இருந்தால் அது கார்டிலைன், விசிறியாக இருந்தால் சூசன் பனை.

கடல் காற்றின் இதத்தை நம்பி வளர்த்தவர்களும் அடிபட்டிருக்கிறார்கள். சில்லித் தீவுகளில் டிரெஸ்கோ என்ற இடத்தில் 1830-களில் தொடங்கிய புகழ்பெற்ற தோட்டம் ஒன்று உண்டு. 1987 ஜனவரியில் வந்த பனியும் உறைகுளிரும் அங்கிருந்த செடிகளில் பெரும்பகுதியைக் கொன்றன. மூன்று வருடம் கழித்துப் புயல் வேறு. மறுபடி நட்டார்கள், இன்றும் தோட்டம் இருக்கிறது.

அதே குளிர்நாட்டுத் தோட்டங்களில் ஜப்பான் வாழை என்று ஒன்றும் இருக்கும். பழம் உண்ண உதவாது. மேல்பகுதி உறைந்து போனாலும் கிழங்கிலிருந்து மறுபடி வரும். 1681-ல் ஒரு மாணவர் தம் ஆசிரியரின் குடிசைக்கு அந்த வாழைக் கன்று ஒன்றைக் கொடுத்தார். ஆசிரியருக்கு அது மிகவும் பிடித்துப்போய், வாழையின் பெயரையே தம் புனைபெயராக்கிக்கொண்டார். அவர்தான் ஹைக்கூ கவிஞர் பாஷோ. (எனக்கு நீங்கள் கொடுத்தவை பெரும்பாலும் பேனாக்கள். அவையும் பத்திரமாக இருக்கின்றன.)

சுவிஸில் இருக்கும் உறவுகளுக்கு ஒரு வார்த்தை. அங்கே தெற்கே டிச்சீனோ மாநிலத்தில் இந்தப் பனை ஊரின் அடையாளமாகவே ஆகி, டிச்சீனோ பனை என்று பெயர் பெற்றது. பறவைகள் பழத்தைத் தின்று விதையைக் காட்டுக்குக் கொண்டுபோக, குளிர்காலமும் மிதமாகிக்கொண்டே வர, இப்போது அங்கே காட்டு மரங்களின் அடியில் பனங்கன்றுகள் மண்டிக் கிடக்கின்றன. 2024 செப்டம்பர் முதல் சுவிஸில் இதை விற்கத் தடை. யாழ்ப்பாணத்துக்காரர் வாசலில் ஒரு விசிறி ஓலை நிற்பது எவ்வளவு ஆறுதல் என்று எனக்குத் தெரியும். ஏற்கெனவே நட்டிருப்பவர்கள் வெட்ட வேண்டியதில்லை. பாளை வந்ததும் பழுக்க விடாமல் அறுத்துவிடுங்கள், விதை பரவாது. நம் பாளை சீவுகிற வேலையில் பாதிதான் அது.