தேராவின் பெட்டிகளுக்குள் இருந்த வாத்தியம்

வெளிநாட்டுச் சரக்கைச் சுமந்து பறக்கும் ‘குருவிகள்’ பெட்டி கட்டிய ஊர் துபாயின் தேரா. 1980-களில் சப்கா சாலையிலும் பனியாஸ் சதுக்கத்தைச் சுற்றியும் இருந்த எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் டூ-இன்-ஒன், கேசியோ கீபோர்டு, டிவி கேம் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருக்கும். கீழக்கரை, காயல்பட்டினத்து ஆட்கள் அங்கே விற்கவும் செய்தார்கள், ஊருக்கு வாங்கியும் அனுப்பினார்கள். துபாய்ச் சரக்கு அப்படித்தான் சென்னை பர்மா பஜாரில் தலைகாட்டியது. இசைக்கு ஒரு பெட்டி, விளையாட்டுக்கு ஒரு பெட்டி என்பது வாங்குகிறவர் கணக்கு. மூடியைக் கழற்றிப் பார்த்தால் இரண்டுக்கும் அவ்வளவு தூரம் இல்லை.

காரணம் யமஹா. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் 1967-இல் ஒரு வித்தையைக் கண்டுபிடித்தார்: ஓர் அலையின் அதிர்வெண்ணை இன்னோர் அலையால் வேகமாக ஆட்டினால், மணியோசை முதல் பித்தளைக் குழல் வரை பல நாதங்கள் பிறக்கும். எஃப்எம் என்ற அந்த முறைக்கு யமஹா 1970-களில் உரிமம் வாங்கியது. 1983-இல் டிஎக்ஸ்7 கீபோர்டு வந்தது. அடுத்த ஆண்டே அந்த வித்தை ஒய்எம்2151 என்ற சிப்பில் அடங்கி, சிஎக்ஸ்5எம் என்ற இசைக் கணினிக்கும் ‘மார்பிள் மேட்னஸ்’ ஆர்கேட் விளையாட்டுக்கும் ஒரே நேரத்தில் போனது. சேகாவின் ‘அவுட் ரன்’ அதே சிப்பில் பாடிக்கொண்டு 1986-இல் வந்தது. இளையராஜா ‘புன்னகை மன்னன்’ படத்துக்குக் கணினியைக் கொண்டு இசையமைத்ததும் அதே ஆண்டில்தான்.

சிஎக்ஸ்5எம் சார்ந்திருந்த எம்எஸ்எக்ஸ் என்ற வீட்டுக் கணினித் தரத்துக்கு வளைகுடாவில் தனிக் கதை உண்டு. முஹம்மது அல்-ஷாரிக் 1982-இல் குவைத்தில் தொடங்கிய அல்-ஆலமியா நிறுவனம், அரபி பேசும் எம்எஸ்எக்ஸ் கணினிகளை ‘ஸக்ர்’ என்ற பெயரில் விற்றது. அவற்றைச் செய்து தந்த ஜப்பானிய நிறுவனங்களில் யமஹாவும் ஒன்று. பிள்ளை படிக்கட்டும் என்று அப்பா வாங்குவார். பிள்ளை கேட்ரிட்ஜைச் செருகி விளையாடும். எந்த ஊரில்தான் இது நடக்கவில்லை! ஆனால் கேட்ரிட்ஜ் இல்லாமல் இயக்கினால் திரையில் பேசிக் நிரல்மொழி வந்து நிற்கும். அதில் ‘பிளே’ என்று ஒரு கட்டளை. அதன்பின் சுரங்களை எழுத்துகளாக அடித்தால் போதும், மூன்று குரல்களில் ஒரே சமயத்தில் பாடும். கேம் பெட்டியை வாத்தியமாக்க யாரும் பற்றவைப்புக் கோலை எடுக்க வேண்டியிருக்கவில்லை.

1990-இல் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. ஸக்ரை விற்ற நிறுவனம் கெய்ரோவுக்குக் குடிபெயர்ந்தது.

ஸக்ர் வரிசையில் மிக விசித்திரமானது ஏஎக்ஸ்-990. எம்எஸ்எக்ஸ் கணினியையும் சேகாவின் கேம் பெட்டியான மெகா டிரைவையும் ஒரே உடலில் அடைத்திருந்தார்கள். மெகா டிரைவுக்குள் இருப்பதும் யமஹாவின் எஃப்எம் சிப்தான்: ஆறு குரல் பாடும் ஒய்எம்2612. வளைகுடாச் சிறுவன் ஒருவன் ‘சோனிக்’ ஆடியபோது அவன் மடியில் இருந்தது, டிஎக்ஸ்7 வம்சத்துச் சின்னத் தம்பி. பிற்பாடு ஆஸ்திரேலியாவின் செபாஸ்டியன் டோம்சாக் ‘ஜென்எம்டிஎம்’ என்ற கருவியைச் செய்தார். மெகா டிரைவின் ஜாய்ஸ்டிக் துளையில் அதைச் செருகினால், மிடி கீபோர்டில் விரல் வைத்ததும் அந்தச் சிப் வாசிக்கும். நிண்டெண்டோவின் கேம் பாய்க்கு ஜெர்மனியின் ஆலிவர் விட்சோ 1998-இல் ‘நானோலூப்’ என்ற கேட்ரிட்ஜையும், ஸ்வீடனின் யோஹான் கோட்லின்ஸ்கி 2000 வாக்கில் ‘லிட்டில் சவுண்ட் டிஜே’வையும் எழுதியிருந்தார்கள். இவற்றில் விளையாட ஒன்றும் கிடையாது. பொத்தான்களால் தாளமும் மெட்டும் கோக்கலாம், அவ்வளவுதான். மேடைக் கலைஞர்கள் இரண்டு கேம் பாய்களைக் கையில் வைத்துக்கொண்டு முழுக் கச்சேரி செய்தார்கள்.

ஆனால் வளைகுடாவிலும் தமிழ்நாட்டிலும் பெரும்பாலானோர் ஆடியது அசல் பெட்டிகளில் அல்ல. 1983-இல் ஜப்பானில் வந்த ஃபேமிகாம் என்ற நிண்டெண்டோ கேம் பெட்டியின் தைவான், சீன நகல்களில். அசலின் ஒலிப் பகுதியில் ஐந்து குரல்கள்: இரண்டு சதுர அலை, ஒரு முக்கோண அலை, ஓர் இரைச்சல், ஒரு பதிவொலி. சதுர அலையின் அகலத்தை மாற்றினால் நாதம் மாறும். கால் பங்கு அகலத்தில் மெலிந்து கூர்மையாகவும் பாதி அகலத்தில் உருண்டு கனமாகவும் கேட்கும். பல நகல்களில் இந்த இரண்டு அகலங்களும் இடம் மாறியிருக்கின்றன. சிப்பைப் பிரதியெடுத்தவர்களின் பிழை அது. அதனால் அசலுக்காக அமைத்த மெட்டு நகலில் வேறு குரலில் ஒலிக்கும். ஃபேமிகாமுக்கு இன்றும் இசையமைப்பவர்கள் எந்தப் பெட்டியில் கேட்கிறோம் என்று பார்த்துக்கொள்கிறார்கள். நகலோடு வளர்ந்த காதுக்கோ அசல்தான் சுருதி பிசகியதுபோல் படுகிறது.