பதினாறு கற்களும் ஒரு குரலும்

எழுத்தைக் கண்ணால் படிப்பது வேறு. பிறர் படிக்கக் காதால் கேட்பது வேறு. அச்சில் இருண்டு இறுகிக் கிடக்கும் உரைநடை, தகுந்த குரல் வாய்க்கும்போது உயிர்பெற்று எழுவதுண்டு. அயர்லாந்து எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட்டின் புதினங்களுக்கு அத்தகைய குரலாக வாய்த்தவர் ஜாக் மெக்கௌரன் என்னும் நடிகர்.

பெக்கெட், 1906ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று டப்ளின் நகரை அடுத்த ஃபாக்ஸ்ராக்கில் புரொட்டஸ்டண்ட் குடும்பமொன்றில் பிறந்தார். பின்னர் பாரிசில் குடியேறிப் பிரெஞ்சு மொழியிலும் எழுதினார். அவர் படைத்த மாந்தர் பலர் முடவர், நினைவு தடுமாறுபவர், சாவை எதிர்நோக்கிப் படுத்திருப்பவர். அவர்களுடைய துயரைச் சொல்லும் வாக்கியத்திலேயே நம்மைச் சிரிக்கவும் வைத்துவிடுவது அவருடைய வழக்கம். இக்கரிய நகைச்சுவையைத் தாய்நாடு எளிதில் ஏற்கவில்லை. 'மொலாய்' என்னும் அவருடைய புதினம் 1950களில் அங்கே தடை செய்யப்பட்டது.

1958இல் டப்ளின் நாடக விழாவைத் திருப்பலியுடன் தொடங்க விரும்பினர். ஷான் ஓகேசியின் புதிய நாடகமும், ஜேம்ஸ் ஜாய்சின் 'யுலிசிஸ்' தழுவலும் நிகழ்ச்சி நிரலில் இருந்தமையால் பேராயர் ஜான் சார்லஸ் மக்வெய்டு அதற்கு இசைவு தர மறுத்தார். சர்ச்சை வளர்ந்தது, ஓகேசியின் நாடகமும் ஜாய்சின் தழுவலும் மேடையேறவில்லை. பெக்கெட்டும் எதிர்ப்புத் தெரிவித்துத் தம் படைப்புகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவ்வாண்டு விழாவே நடைபெறவில்லை. இவ்வரலாற்றை நாம் மறைக்க வேண்டியதில்லை. மேய்ப்பர் தம் மந்தையைக் காக்க எண்ணியிருக்கலாம். ஆனால், மக்கள் கேட்டறியாத ஒன்றின் நன்மை தீமைகளை அவர்கள் எங்ஙனம் சீர்தூக்கிப் பார்ப்பர்?

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1918இல் டப்ளினில் பிறந்த மெக்கௌரன், 1962இல் அதே நகரின் மேடையில் பெக்கெட்டின் எழுத்துகளைத் தனியொருவராக நின்று வழங்கினார். பின்னர் பெக்கெட்டே பகுதிகளைத் தேர்ந்துகொடுத்து உதவ, அந்நிகழ்ச்சி செம்மையுற்றது. 1970இல் பாரிசிலும் நியூயார்க்கிலும் அது மேடையேறியது. வெறுமையான மேடை, தரையைத் தொடும் நீண்ட கறுப்பு மேலங்கி, மெலிந்த உருவம், குரல்: இவற்றிற்கு மேல் அங்கே எதுவுமில்லை.

'மொலாய்' புதினத்தில் வரும் கற்களின் கதையை எண்ணிப் பாருங்கள். கடற்கரையில் பொறுக்கிய 16 கூழாங்கற்கள். அவற்றை வைக்க 4 பைகள். ஒவ்வொன்றாக வாயிலிட்டுச் சப்ப வேண்டும். ஆனால் ஒரு சுற்று முடியும்வரை ஒரே கல் இருமுறை வந்துவிடலாகாது. இதற்கு வழி காண மொலாய் கணக்கிடுகிறான், கற்களைப் பைவிட்டுப் பை மாற்றுகிறான், மீண்டும் கணக்கிடுகிறான். பக்கம் பக்கமாக நீளும் இப்பகுதியை மௌனமாகப் படிப்பவர் சோர்ந்துபோகக்கூடும். ஒரு நடிகர் மூச்சிரைக்க, நம்பிக்கையும் ஏமாற்றமும் மாறிமாறிக் குரலில் ஏற, அதைச் சொல்லும்போது அவையினர் வயிறு குலுங்கச் சிரிப்பர். இறுதியில் மொலாய் ஒரே ஒரு கல்லை வைத்துக்கொண்டு மற்றவற்றை எறிந்துவிடுகிறான்; அந்த ஒன்றும் அவனிடம் நிலைப்பதில்லை. அப்போது சிரித்தவர்கள் அமைதியாகின்றனர். அற்பப் பொருளைக் கொண்டு வாழ்வுக்கு ஓர் ஒழுங்கு தேடிய அம்மனிதனிடம் தம் சாயலைக் காண்கின்றனர். அச்சிரிப்பு ஏளனமன்று, உறவு.

1966இல் மெக்கௌரனின் வாசிப்பு இசைத்தட்டாக வெளிவந்தது. அதில் வெண்கல மணித்தட்டை ஒலித்தவர் பெக்கெட். மூன்றாண்டுகளில் நோபல் பரிசு பெறவிருந்தவர், தம் சொற்களைப் பிறர் நாவில் ஒப்படைத்துவிட்டு, அவற்றின் இடைவெளியில் மணியடிப்பவராக நின்றார்.

மெக்கௌரன் 1973இல் நியூயார்க்கில் காலமானார். நம்பிக்கையற்றவை எனப் பலர் ஒதுக்கிய பக்கங்களை அவர் மறுத்துரைக்கவுமில்லை, விளக்கவுமில்லை. உரக்கப் படித்தார், மக்கள் கேட்டனர். துன்புறும் மனிதனின் பேச்சு எவ்வளவு கசப்பாயினும், அதை முழுவதும் கேட்டபின் தீர்ப்பிடுவதே அறம்.