எடைமேடையும் பால்வாடியும்

சாத்தாங்காடு என்றதும் சென்னைக்காரர்களுக்கு நினைவு வருவது இரும்பு. ஜார்ஜ் டவுன் நெரிசலைக் குறைக்கப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் அமைத்த இரும்பு, எஃகு அங்காடி திருவொற்றியூருக்கும் மணலிக்கும் இடையே அங்குதான் இருக்கிறது. இரும்பு எடைக்கு விற்கும் சரக்கு. லாரியோடு சேர்த்து நிறுக்கும் எடைமேடைக்கு அடியில் இப்போது இருப்பது ‘லோடு செல்’ என்னும் மின்னணு உணரி. அது கொஞ்சம் பிசகினாலும் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் தகராறுதான். அதைச் சரிசெய்ய வருகிறவர் ‘டெக்னீஷியன்’. கையில் ஐடிஐ சான்றிதழோ டிப்ளமோவோ இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். லாரியில் சரக்கு ஏற்றும் தொழிலாளியின் மூன்று வயதுப் பிள்ளையை அதே நேரத்தில் வைத்துப் பார்த்துக்கொள்பவர் ‘பால்வாடி டீச்சர்’. அவரிடம் அன்பும் பொறுமையும் இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறோம். மாதாமாதம் குழந்தையை நிறுத்து, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பதும் அவர் வேலை என்பது பலருக்குத் தெரியாது. மின்னணுவியல் தொழிற்படிப்பாகவும் மழலைக் கல்வி தொண்டாகவும் பிரிந்ததற்கு வேலையின் கடினம் காரணமில்லை, அரசு அவற்றை எழுதிவைத்த விதமே காரணம் என்பது என் கட்சி.

இரண்டும் சென்னைக்குள் நுழைந்தபோது மேலும் கீழுமாக நுழையவில்லை. முந்தி வந்தது குழந்தைப் படிப்புதான். பிரம்மஞான சபையின் அருண்டேல், ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பில் 1939-ல் மரியா மாண்டிசோரி அடையாறுக்கு வந்தார். ஓலைக் கொட்டகைகளில் நடந்த முதல் பயிற்சி வகுப்பில் நாடெங்கிலுமிருந்து சுமார் 300 பேர் சேர்ந்தார்கள். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதால் அவரால் ஊர் திரும்ப முடியவில்லை. அந்தத் தடங்கல் நமக்கு லாபமாயிற்று. இந்தியாவில் இருந்த காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு அவர் பயிற்சி கொடுத்தார். அடையாறு வகுப்புக்குப் பத்தாண்டு கழித்து, 1949-ல், தொழிலதிபர் சி. ராஜம் தம் வீட்டை விற்று குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. என்னும் மெட்ராஸ் தொழில்நுட்பக் கல்லூரியைத் தொடங்கினார். சிவில், மெக்கானிக்கல் என்ற பழைய பாதையை விட்டு விமானம், மோட்டார் வாகனம், மின்னணுவியல், கருவியியல் என்று நாட்டுக்குப் புதிய நான்கு துறைகளை அது எடுத்துக்கொண்டது. அங்கே மின்னணுவியல் படித்த ரங்கராஜன் பிறகு பாரத் எலெக்ட்ரானிக்ஸுக்குப் போனார். தமிழர்களுக்கு அவரை எழுத்தாளர் சுஜாதாவாகத் தெரியும். இரண்டு படிப்புமே தென்சென்னைப் பக்கம், படித்தவர்களின் மரியாதையோடு பிறந்தவை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மாண்டிசோரியின் முதல் குழந்தைகள் இல்லம் 1907-ல் திறந்தது ரோமின் சான் லொரென்ஸோ என்ற கூலித் தொழிலாளர் குடியிருப்பில். பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் சுவரைக் கிறுக்கிப் பாழாக்காமல் இருக்க வேண்டுமே என்பது கட்டட உரிமையாளர்களின் கவலை. சென்னையில் அது வேர்பிடித்திருக்க வேண்டிய இடம் வடசென்னையின் தொழிலாளர் பகுதிகளான ராயபுரமும் தண்டையார்பேட்டையும். ஆனால் இங்கே ‘மாண்டிசோரி’ என்பது பணம் கட்டிப் படிக்கும் பள்ளியின் பெயர்ப்பலகையாகிவிட்டது.

அதற்கு அடுத்த ஆண்டுகளில் வடசென்னை கருவிகளால் நிறைந்தது. 1955-ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை, 1969-ல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 1970-ல் எண்ணூர் அனல் மின்நிலையம், 1971-ல் மணலி உர ஆலை. அழுத்தத்தையும் வெப்பத்தையும் கட்டுப்பாட்டு அறையிலிருந்தே பார்க்கும் ஆலைகளுக்குக் கருவி மெக்கானிக் வேண்டும். 1961-ன் தொழில் பழகுநர் சட்டம் ஆலைகளே உதவித்தொகை கொடுத்துப் பழகுநர்களை எடுத்துக்கொள்ளக் கட்டாயப்படுத்தியது. ஐடிஐ, டிப்ளமோ, பொறியியல் பட்டம் என்று ஏற ஏணி இருந்தது. அந்த ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு என்ன இருந்தது? 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் ஐம்பதுக்கு மேல் பெண்கள் வேலை பார்க்கும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வைக்கச் சொன்னது. 1976-ல் அது முப்பதாகக் குறைந்தது. ஆண்களே மிகுதியாக வேலை செய்த எண்ணெய், உர, மின் ஆலைகள் நிறைந்த வட்டாரத்தில் அந்தப் பிரிவுக்கு வேலை குறைவு. தகப்பனுக்கும் பிள்ளை உண்டு என்பது சட்டத்துக்குத் தோன்றவில்லை.

1975-ஐக் கவனிக்க வேண்டும். ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கியது. ஏழு வார இடைவெளியில் டிவி மெக்கானிக்குக்கும், ‘பால்வாடி டீச்சர்’ என்று நாம் சொல்லும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் தேவை பிறந்தது. முன்னவருக்குச் சான்றிதழ் வந்தது. பின்னவருக்குச் சில மாதப் பயிற்சியும், மெட்ரிக் படித்திருந்தால் 150, இல்லையென்றால் 100 ரூபாய் மதிப்பூதியமும் வந்தன. சம்பளம் என்ற சொல்லை அரசாணைகள் கவனமாகத் தவிர்த்தன. 1978-ல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தபோது தொழிற்பிரிவும் கூடவே வந்தது. மின்னணுக் கருவிகள், உணவு மேலாண்மையும் குழந்தைப் பராமரிப்பும் ஆகிய இரண்டுமே அதில் பாடங்களாக இடம்பெற்றன. ஒரே கூரைக்குக் கீழ் அமர்ந்தும் ஒன்றிலிருந்து பாலிடெக்னிக்குக்குப் படி இருந்தது, மற்றதிலிருந்து பெரும்பாலும் வீட்டுக்குத்தான் வழி இருந்தது.

பிள்ளை வளர்ப்பது பெண்களுக்கு இயல்பாக வருவது, அதற்கு ஏன் கல்லூரி என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் சென்னையின் மின்னணுக் கடைவீதியான ரிச்சி தெருவை நினைத்துப் பார்க்கலாம். சால்டரிங் இரும்பைப் பிடிக்கக் கற்ற எத்தனையோ பேர் கடையில் எடுபிடியாக நின்று, பார்த்துப் பழகியே தொழில் கற்றார்கள். அதனால் மின்னணுவியலுக்குப் படிப்பே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பார்த்துப் பழகியதை ஒழுங்குபடுத்திச் சான்றிதழ் ஆக்கினோம். தன் பிள்ளையைத் தாய் வளர்ப்பது வேறு. மூன்று வயதும் ஐந்து வயதும் கலந்த இருபது பிள்ளைகளை, அதில் ஒன்று பேசத் தாமதிப்பதைக் கண்டுபிடித்து, நடத்துவது வேறு.

கொஞ்சம் கனமான ஆட்சேபம் இன்னொன்று: பசித்த பிள்ளைக்கு முதலில் சோறு, அப்புறம்தான் பாடம். இதை மறுக்க முடியாது. 1920-ல் தியாகராயச் செட்டியார் தலைமையிலான மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவுக்கு ஒப்புதல் கொடுத்ததும், 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியதும் தமிழ்நாடு பெருமைப்பட வேண்டியவை. ஆனால் வயிற்றின் வழியே வந்த திட்டம் வயிற்றோடு நின்றுவிட்டது. அங்கன்வாடி மையத்தை அளக்க முட்டை, சத்துமாவு, பதிவேடு என்று கணக்குகள் உண்டு. அங்கே பிள்ளை எதைக் கற்றது என்பது அந்த அளவுக்குக் கணக்கில் வருவதில்லை.

மின்னணுப் படிப்பு மட்டும் என்ன வாழ்வு கொடுத்தது என்றும் கேட்கலாம். நியாயம்தான். 2006-ல் நோக்கியா ஆலை திறந்தது ஸ்ரீபெரும்புதூரில், 2014-ல் மூடியது. அதன் அசெம்பிளி கூடங்களில் வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். பெண்களின் விரல் மென்மையானது, பொறுமை அதிகம் என்று இத்தகைய ஆலைகளைப் பற்றி உலகெங்கும் சொல்லப்படுகிறது. பெண்ணின் கை பட்டதும் மின்னணுவியலிலும் திறமை இயல்பாகிவிட்டது. இது என் கட்சிக்கு எதிரான சாட்சி இல்லை, ஆதரவான சாட்சி.

அரசு எழுதிவைத்த விதம் நீதிமன்றம் வரை போனது. அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் கர்நாடக வழக்கில் சொன்னது. பணிக்கொடை அவர்களுக்கு உண்டு என்று அதே நீதிமன்றம் 2022 ஏப்ரலில், குஜராத்திலிருந்து வந்த வழக்கில் தீர்ப்பளித்தது. இடையே 2019 ஜனவரியில் தமிழ்நாடு அரசு, நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யூகேஜி தொடங்கி, இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பியது. பதவி இறக்கம் என்று அவர்கள் வழக்குப் போட்டார்கள். ஐந்து வயதுக்குக் கீழே பாடம் நடத்துவது ஆசிரியருக்கே இழுக்காகத் தெரிந்தது என்றால், அதை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் யார்? 2022-ல் அந்த வகுப்புகளுக்குத் தனியாக ஆசிரியர்களை நியமிக்க முடிவானது. அவர்களுக்கு நிர்ணயித்த தொகுப்பூதியம் மாதம் 5,000 ரூபாய்.